வண்டைத் துரத்திக்கொண்டே இருந்தேன், புழுவைப் பார்க்கவில்லை

போன வருடம் ஆடிப்பெருக்கன்று விதை போட்ட தோட்டத்தில், கடைசிச் செடியைக் கார்த்திகைக் கடைசியில் பிடுங்கிப் போட்டேன். நாலரை மாதம். பதினாறு குரோ பேக்குக்கு 1,200 ரூபாய், மண்கலவைக்கு 1,800, பந்தல் கம்பிக்கும் குழாய்க்கும் 1,400, விதை நாற்றுக்கு 350, மருந்து என்று சொல்லி வாங்கியவற்றுக்கு 970. கூட்டிப் பார்த்தால் 5,720 ரூபாய். கைக்கு வந்தது இரண்டு கிலோவுக்கும் குறைவான கத்தரிக்காயும் மூன்று வெள்ளரியும்தான். புடலையும் பூசணியும் ஒன்றுகூடத் தேறவில்லை. பணத்தைவிட, தினமும் காலையில் செடிக்கு முன்னால் போய் நிற்கும்போது வயிற்றைப் பிசையுமே, அதுதான் இன்னும் மறக்கவில்லை. இன்றைக்கு என்ன போயிருக்கிறதோ என்று பயந்துகொண்டே மாடிப்படி ஏறியிருக்கிறேன். யாராவது ஒருவர் முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதியைத் தவிர்த்திருக்கலாம். அந்த நாலு வார்த்தையைத்தான் இப்போது கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எங்களுடையது திருச்சிப் பக்கம். கொல்லையில் பத்தடிக்கு எட்டடி மண், அதில் கொடிகள். மாடியில் பைகளில் கத்தரியும் அவரையும். இந்தச் சின்ன இடத்துக்குள் அந்த ஒரே பட்டத்தில் வந்தவை மூன்று வகை வண்டுகள்: கொடிக்குச் சிவப்புப் பூசணி வண்டு, கத்தரி இலைக்கு எபிலாக்னா என்கிற புள்ளி வண்டு, கத்தரி வேருக்குச் சாம்பல் கூன்வண்டு. மூன்றையும் வண்டு என்ற ஒரே சொல்லில் அடக்கி மூன்றுக்கும் ஒரே தெளிப்பைத் தெளித்ததுதான் நான் செய்த அடிப்படைத் தவறு. கண்ணில் படுவது வளர்ந்த வண்டு. செடியைக் கொல்வது பல நேரம் அதன் புழு. அந்தப் புழு எங்கே வளர்கிறது, இலைக்கு அடியிலா, மண்ணுக்குள்ளா என்று தெரியாமல் எதை வாங்கித் தெளித்தாலும் அது வீண்தான்.

முதலில் கொடியின் கதை. பூசணி, வெள்ளரி, புடலை மூன்றுமாகப் பதினாலு விதை. ஆறாம் நாள் எல்லாம் முளைத்து, தடிப்பான இரண்டு வித்திலைகளோடு அழகாக நின்றன. எட்டாம் நாள் காலையில் பார்த்தால் பதினொன்றில் வித்திலை சல்லடையாகிவிட்டது, சிலவற்றில் வெறும் தண்டு. செங்கல் நிறத்தில் மினுமினுப்பான சின்ன வண்டு, 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளம், திருப்பிப் பார்த்தால் வயிறு கறுப்பு. இலையைத் தின்கிற விதமும் தனி. முதலில் இலையில் வட்டமாக ஒரு கோடு கீறும், பிறகு அந்த வட்டத்துக்கு உள்ளே இருப்பதைத் தின்னும். அதனால் ஓட்டைகள் சில்லு வெட்டியதுபோல வட்டமாக இருக்கும். வண்டே கண்ணில் படாவிட்டாலும் இந்த வட்டத்தை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கலாம்.

வித்திலை போனால் ஏன் செடி போகிறது என்றால், முதல் நிஜ இலை விரியும்வரை அந்தச் செடிக்குச் சோறு போடுவது வித்திலைதான். நாலைந்து நிஜ இலை வந்த பூசணிக் கொடியில் பத்து வண்டு உட்கார்ந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். இரண்டு வித்திலை மட்டும் உள்ள கன்றில் மூன்று வண்டு உட்கார்ந்தால் ஒரே நாளில் முடிந்தது. ஆக, காப்பாற்ற வேண்டியது முதல் மூன்று, நாலு வாரம் மட்டும். இது தெரியாமல் அதே இடத்தில் மறுபடி விதை ஊன்றினேன். மறுபடி தின்றது. மூன்று வாரம் பட்டத்தில் கழிந்துவிட்டது.

செய்திருக்க வேண்டியது இது. விதையை நேராக மண்ணில் ஊன்றாமல் காகிதக் கோப்பையிலோ கொட்டாங்கச்சியிலோ போட்டு, கொசுவலை கட்டிய இடத்தில் இரண்டு நிஜ இலை வரும்வரை வளர்க்க வேண்டும். கொடிக் கன்றின் வேர் அடிபட்டால் தாங்காது, அதனால் இன்னும் தாமதிக்காமல், மண்கட்டி உடையாமல் குழியில் இறக்கிவிட வேண்டும். இறக்கிய அன்றே நாலு குச்சி நட்டு மேலே பழைய கொசுவலையைப் போர்த்தி, ஓரத்தை மண்ணால் சுற்றிலும் புதைக்க வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் உள்ளே போய்விடும். வலை இலையைத் தொடக்கூடாது, தொட்டால் வெளியிலிருந்தே தின்னும். பூ விடத் தொடங்கியதும் வலையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தேனீ வர வழியில்லாமல் காய் பிடிக்காது.

இதில் ஒரு விஷயம் முக்கியம். இந்த வண்டு முட்டையிடுவது இலையில் இல்லை, கொடியின் தூரைச் சுற்றியுள்ள ஈர மண்ணில். புழு மண்ணுக்குள்ளேயே இருந்து வேரையும், தரையில் படுத்திருக்கும் காயின் அடிப்பக்கத்தையும் தின்கிறது. கூட்டுப்புழுவும் மண்ணுக்குள்தான். அதனால் போன பட்டத்தில் பூசணி வகை இருந்த அதே குழியில் நட்டு வலையைப் போர்த்தினால், மண்ணிலிருந்து வெளிவரும் வண்டு வலைக்கு உள்ளேயே மாட்டிக்கொண்டு கன்றை நிம்மதியாகத் தின்னும். வலை போடும் குழி புதிய இடமாக இருக்க வேண்டும். அல்லது பழைய குழியை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கிளறி, சித்திரை வெயிலில் காயவிட்டு, கோழியோ மைனாவோ கிளறிப் பொறுக்க விட்டிருக்க வேண்டும். அறுவடை முடிந்த கொடியைத் தூரோடு பிடுங்காமல் அறுத்து மட்டும் விட்டால் மண்ணில் இருக்கும் புழுவுக்குத் தீனி வைத்த மாதிரி. தப்பிப் பிழைத்த என் புடலை மூன்றும் ஓரளவு வளர்ந்த பிறகு நடுப்பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்து, ஒரு வாரத்தில் நிமிராமலே போய்விட்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோதுதான் தூரில் வெளிர் மஞ்சள் நிறத்தில் மெல்லிய புழுக்கள் துளைத்திருந்தது தெரிந்தது.

வளர்ந்த வண்டைக் கையால் பிடிப்பது எளிது, நேரம்தான் முக்கியம். விடிந்த கையோடு, பனியும் குளிரும் இருக்கும்போது அது மந்தமாக இருக்கும். ஆறு மணிக்குப் போனால் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரை இலைக்குக் கீழே பிடித்துக்கொண்டு மேலே தட்டினாலே விழுந்துவிடும். எட்டு மணிக்குப் போனால் கையை நீட்டுவதற்குள் பறந்துவிடும். நான் போனதெல்லாம் எட்டு மணிக்குத்தான். அப்புறம் சாம்பல். நம் ஊரில் கொடிக் கன்றுக்கு அடுப்புச் சாம்பல் தூவுவது பழைய வழக்கம், நன்றாகவே வேலை செய்கிறது. சலித்த விறகுச் சாம்பலை ஒரு மெல்லிய துணியில் முடிந்து, பனி காய்வதற்கு முன்னால் இலையின் இரண்டு பக்கமும் படும்படி தட்ட வேண்டும். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி தட்ட வேண்டும். வேரில் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டக் கூடாது, சாம்பல் காரத் தன்மை உள்ளது, தொட்டி மண் கெட்டுவிடும். வண்டுத் தொல்லை அதிகம் உள்ள இடத்தில் முதல் வருடம் பாகல் போடுவது நல்லது. பூசணி, வெள்ளரியைத் தேடிப் போகிற அளவுக்கு இது பாகலைத் தேடிப் போவதில்லை.

அடுத்தது கத்தரி. இங்கே என் தவறு வேறு மாதிரி. புரட்டாசியில் இலைமேல் புள்ளி போட்ட சின்ன வண்டுகளைப் பார்த்ததும் பொறிவண்டு வந்துவிட்டது, இது நன்மை செய்யும் பூச்சி, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும் என்று சந்தோஷப்பட்டு விட்டுவிட்டேன். பத்து நாளில் கீழ் இலைகள் எல்லாம் நரம்பு மட்டும் மிஞ்சி, வடிகட்டித் துணி மாதிரி ஆகிக் காய்ந்தன. அவை எபிலாக்னா. பொறிவண்டுக் குடும்பத்திலேயே பிறந்து இலை தின்னப் போன வண்டு இது. கத்தரி, தக்காளி, உருளை, பாகல் எல்லாவற்றிலும் வரும். உண்மை தெரிந்ததும் ஆத்திரத்தில் புள்ளி உள்ள எல்லாவற்றையும் நசுக்கினேன், பக்கத்து அவரையில் இருந்த நிஜப் பொறிவண்டுகளையும் சேர்த்து. அடுத்த வாரம் அவரைக் கொழுந்து முழுக்கக் கறுப்பு அசுவினி அப்பியிருந்தது. அந்த வாரம் மனசு விட்டுப்போனது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. நிஜப் பொறிவண்டு எண்ணெய் பூசியதுபோலப் பளபளக்கும், ஆரஞ்சோ சிவப்போ நிறம் தூக்கலாக இருக்கும், அசுவினி உள்ள கொழுந்தில் சுறுசுறுப்பாக ஓடும். எபிலாக்னா மங்கலான செம்பு நிறம், உடம்பு முழுவதும் மெல்லிய ரோமம், அதனால் பளபளப்பே இருக்காது. புள்ளிகள் நிறைய: ஒரு வகையில் மொத்தம் 28, இன்னொன்றில் 12. புழுக்களில் வித்தியாசம் இன்னும் தெளிவு. எபிலாக்னா புழு மஞ்சளாக, முதுகு முழுக்கக் கிளை விட்ட முட்களோடு, இலைக்கு அடியில் அசையாமல் சுரண்டிக்கொண்டிருக்கும். பொறிவண்டின் புழு கருஞ்சாம்பல் நிறத்தில் ஆரஞ்சுத் திட்டுகளோடு, குட்டி முதலை மாதிரி நீளமாக, கால் தெரிய ஓடும். பஞ்சு நூல் மாதிரி வெள்ளையாக மூடிக்கொண்டு மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் நடமாடும் புழு ஒன்று உண்டு, அதுவும் நம் பக்கம்தான், கொன்றுவிடாதீர்கள். முட்டைதான் குழப்பும். இரண்டுமே மஞ்சள், இரண்டுமே இலைக்கு அடியில் நிமிர்ந்த கம்பு மணிகள் மாதிரி கொத்தாக இருக்கும். சந்தேகம் வந்தால் அந்த இலைத் துண்டைக் கத்தரித்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி வையுங்கள். நாலைந்து நாளுக்குள் பொரித்துவிடும். மஞ்சள் முள்ளா, கறுப்பு முதலையா என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் வாழ்நாளுக்கும் சந்தேகம் வராது.

எபிலாக்னாவை அடக்க மருந்தே தேவையில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அதன் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு நான்கும் இலையிலேயே இருக்கின்றன, மண்ணுக்குள் ஒளிவதே இல்லை. முட்டை பொரிக்க இரண்டு முதல் நாலு நாள். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும், புழு பெருகவே வழியில்லை. வாரம் ஒருமுறை என்று வைத்தால் போதாது, அதற்குள் ஒரு குவியல் பொரித்துப் பரவிவிடும். பத்துச் செடிக்கு எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. நடு இலைகளையும் கீழ் இலைகளையும் முதலில் பாருங்கள், முட்டை அங்கேதான் அதிகம். அகலமான ஒட்டுடேப்பை விரலில் ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி சுற்றிக்கொண்டு குவியலின் மேல் அழுத்தி எடுத்தால் முட்டை முழுவதும் டேப்போடு வந்துவிடும், இலை கிழியாது. புழு நிறைந்த இலையை மட்டும் காம்போடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். சோப்புத் தண்ணீர் என்றால் ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், அவ்வளவுதான். கிள்ளிய இலையை உரக்குழியில் வீசாதீர்கள். இலையில் ஒட்டிய கூட்டுப்புழு அங்கேயே ஐந்தாறு நாளில் வண்டாகி வந்துவிடும். நான் வீசினேன், வந்தது.

புழுக்களில் சில அசையாமல், பழுப்பு நிறத்தில் விறைத்து இலையோடு ஒட்டியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஒரு மிகச் சின்னக் குளவி அதற்குள் முட்டையிட்டு, குளவியின் பிள்ளைகள் உள்ளிருந்து தின்று முடித்த ஓடு அது. அதிலிருந்து வரும் குளவிகள் அடுத்த புழுக்களைத் தேடிப் போகும். இன்னொன்று, வேலியோரத்தில் தானாக முளைத்த மணத்தக்காளிச் செடி. கீரைக்கு ஆகும் என்று விட்டிருந்தேன். கத்தரியில் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தும் வண்டு குறையாததற்குக் காரணம் அந்தச் செடிதான், அதன் இலையிலும் இது வளரும். வைத்துக்கொள்வதானால் கத்தரியைப் பார்ப்பதுபோலவே அதையும் மூன்று நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் அப்போது தெரியாததால் நான் வேப்பெண்ணெய்க்குப் போனேன். வேப்பெண்ணெய் நல்ல பொருள், நான் தெளித்த விதம் கெட்டது. தண்ணீரில் நேரடியாக எண்ணெயை ஊற்றிக் குலுக்கி, பதினொரு மணி வெயிலில் தெளித்தேன். எண்ணெய் பிரிந்து, கடைசியில் வந்த துளிகள் வெறும் எண்ணெயாக இலையில் விழுந்து, மறுநாள் இலை பொசுங்கியிருந்தது. சரியான முறை: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 கிராம் காதி சோப்புச் சீவல். முதலில் சோப்பைக் கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அதில் எண்ணெயை விட்டு, பால் மாதிரி வெளுக்கும்வரை நன்றாக அடிக்க வேண்டும். அந்தப் பாலைத்தான் மீதித் தண்ணீரில் கலக்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். மாலை ஐந்துக்கு மேல், ஸ்பிரேயர் மூக்கை இலைக்குக் கீழே கொண்டுபோய் மேல்நோக்கி அடிக்க வேண்டும். புதுச் செடியென்றால் ஓர் இலையில் அடித்து ஒருநாள் விட்டுப் பார்த்த பிறகு முழுச் செடிக்கு. கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். வேம்பு வண்டை உடனே விழத்தட்டாது. தின்னும் ஆசையைக் குறைக்கும், புழு தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும். தெளித்த மறுநாள் வண்டு உயிரோடு இருக்கிறதே என்று கலங்க வேண்டாம், புதிதாக இலை சுரண்டப்படுகிறதா என்று பாருங்கள். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் குறைந்துவிடும், ஆகவே ஏழு நாளுக்கு ஒருமுறை.

வேப்பமரம் பக்கத்தில் இருந்தால் எண்ணெயைவிட வேப்பங்கொட்டைக் கரைசல் எனக்குப் பிடித்தது. ஆனி ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கி, தோல் நீக்கி, கொட்டையை நிழலில் காயவைத்துச் சணல் சாக்கில் வைத்தால், மூன்று மாதம் முதல் எட்டு மாதம் வரை பழகிய கொட்டை நன்றாக வேலை செய்யும். பூஞ்சை பிடித்தது ஆகாது. ஒரு லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, மெல்லிய துணியில் கட்டி, கொஞ்சம் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் துணியைப் பிழிந்து பிழிந்து பால் எடுத்து, ஒரு லிட்டராக்கி, 2 கிராம் காதி சோப்புக் கலந்து அன்று மாலையே தெளித்துவிட வேண்டும். பிழிந்த சக்கையைச் செடி தூரில் போட்டுக் கிளறிவிடலாம்.

வேப்பெண்ணெய் கைகொடுக்கவில்லை என்று நினைத்து, அடுத்துச் செய்ததைத்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒரு மருந்துக் கடையில் “கத்தரிக்கு வண்டு” என்று மட்டும் சொன்னேன். “இத அடிங்க, மறுநாளே சுத்தமாயிரும், ஒரு மூடி ஊத்துனா போதும்” என்றார்கள். சின்னப் பாட்டில், 260 ரூபாய். சொன்னபடியே மறுநாள் சுத்தமாகத்தான் இருந்தது. வண்டு இல்லை, சிலந்தி இல்லை, தேனீயும் இல்லை. பூசணியில் பெண்பூ விரிந்து, அடியில் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சோடு நின்று, மூன்றாம் நாள் மஞ்சளாகி உதிர்ந்தது. ஒன்று, இரண்டு, ஏழு. மகரந்தம் கொண்டுவர ஆளில்லை. காலை ஆறு முதல் எட்டுக்குள் ஆண்பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டுப் பெண்பூவின் நடுவில் தடவியிருந்தால் பிடித்திருக்கும், அது அப்போது தெரியவில்லை. கத்தரியிலோ இரண்டு வாரத்தில் இலை மேல்பக்கம் ஊசி குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை. செஞ்சிலந்தி, இலையின் சாற்றை உறிஞ்சும் பொடிப்பொடியான உயிர். அந்த மருந்து சைபர்மெத்ரின். இந்த வகை மருந்துகள் செஞ்சிலந்தியைத் தின்னும் பூச்சிகளைக் கொன்றுவிடும், செஞ்சிலந்தியை அவ்வளவாகத் தொடாது. எதிரி ஒழிந்ததும் அது பெருகிவிடுகிறது. அதற்கு இன்னொரு மருந்து 340 ரூபாய். கடைசியில் அதை அடக்கியது, மூன்று நாளுக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரை இலைக்கு அடியில் வேகமாகப் பீய்ச்சியதுதான். அந்தக் கத்தரியில் காய்த்த முதல் பத்துக் காயைச் சாப்பிட மனம் வராமல் புதைத்துவிட்டேன்.

ரசாயனமே தொடக்கூடாது என்று சட்டம் பேச வரவில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் மூன்றைப் பாருங்கள். லேபிள் ஒட்டிய, மூடி உடைக்காத பாட்டிலாக இருக்க வேண்டும், பெரிய டப்பாவிலிருந்து ஊற்றிக் கொடுப்பதை வாங்கக் கூடாது. லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதியின் நிறம் நச்சின் அளவைச் சொல்லும்: சிவப்பு மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், பச்சை குறைவு. சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் வரவே கூடாது. மூன்றாவது, அந்தப் பயிரின் பெயரும், தெளித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதும் அதில் இருக்கிறதா என்று படியுங்கள். ‘ஒரு மூடி’ என்பது அளவே இல்லை. பத்து ரூபாய்க்கு ஊசி போடாத சிரிஞ்ச் கிடைக்கும், மில்லி கணக்கில் எடுக்கலாம்.

மழை பிடித்த பிறகு, ஐப்பசியில்தான் கடைசி அடி. செஞ்சிலந்தி ஒழிந்து, கத்தரி புதுத் தளிர் விட்டுப் பச்சையாக நின்ற நேரத்தில், ஒவ்வொரு செடியாக வாடத் தொடங்கியது. இன்று ஒன்று, நாலு நாள் கழித்து இன்னொன்று. வாடல் நோய் என்று, சூடோமோனாஸ் என்கிற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியை 150 ரூபாய்க்கு வாங்கி ஊற்றினேன். நோயா புழுவா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. வாடிய செடியின் தண்டைத் தூருக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் முங்கும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். எதுவும் இறங்காவிட்டால் வேரைத் தோண்டிப் பாருங்கள். எனக்கு எதுவும் இறங்கவில்லை. தோண்டினால் பக்கவேரே இல்லை, நடுவேர் பட்டை உரிந்து குச்சியாக இருந்தது. மண்ணை வெள்ளைக் காகிதத்தில் பரப்பினேன். அரிசிமணி அளவில், வளைந்து, கால் இல்லாத வெள்ளைப் புழுக்கள். ஒரே பையில் பதினேழு.

சாம்பல் கூன்வண்டின் புழு அது. தாய் வண்டு அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே கண்ணெதிரில் இருந்திருக்கிறது. கத்தரி இலையின் ஓரத்தில் பஸ் டிக்கெட்டைக் கடித்ததுபோல அரைவட்டக் கடிகள் இருந்தன, அழகுக்குத்தானே குறை என்று விட்டுவிட்டேன். சாம்பல் நிறம், முன்னால் குட்டை மூக்கு, தொட்டால் செத்ததுபோலக் கீழே விழும். வண்டு தின்கிற இலையால் செடிக்கு ஒன்றும் ஆகாது. அது மண்ணில் இடும் முட்டையிலிருந்து வரும் புழு இரண்டு மாதத்துக்கு மேல் வேரைத் தின்கிறது. இலையோரத்தில் கடியைப் பார்த்த நாளே வேலை தொடங்க வேண்டும். தொட்டால் விழும் குணத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம்: அதிகாலையில் குடையைத் தலைகீழாக விரித்துச் செடிக்குக் கீழே வைத்து, தண்டை இரண்டு தட்டுத் தட்டினால் குடைக்குள் விழும். நட்ட பதினைந்தாம் நாளிலிருந்து மாதம் ஒருமுறை பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளை மேல்மண்ணில் கிளறிவிட வேண்டும்.

மண்ணில் புழு இருப்பது உறுதியானால் மெட்டாரைசியம் என்ற பூஞ்சைத் தூள். நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு கிலோவுக்கு 20 கிராம் தூளைக் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு தண்ணீர் தெளித்து, நிழலில் ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரம் பத்து நாள் வைத்தால் பூஞ்சை பெருகும். பிறகு மாலையில் பைக்கு இரண்டு கைப்பிடி வேரோரம் போட்டு மண்ணால் மூட வேண்டும். மண் காயக் கூடாது. பூஞ்சைக்கொல்லி எதையும் அந்தச் சமயம் ஊற்றக் கூடாது, இதுவும் பூஞ்சைதான், செத்துவிடும். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள், உயிருள்ள பொருள் என்பதால் கடையில் வெயில் படும் அலமாரியில் கிடந்த பழைய பாக்கெட் பயன்படாது. செத்த செடியின் மண்ணை நான் பக்கத்துப் பைகளுக்கு மேல்மண்ணாகப் போட்டுவிட்டேன். பதினேழு புழுவை நானே பங்கு வைத்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. அந்த மண்ணைத் தார்ப்பாயில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, நல்ல வெயிலில் மூன்று நாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்திருக்க வேண்டும்.

தொழுவுரத்தோடு வரும் பெரிய வெள்ளைப் புழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டைவிரல் தடிமனில், ஆங்கில ‘சி’ மாதிரி சுருண்டு, பழுப்புத் தலையும் ஆறு காலுமாக இருப்பவை. எல்லாமே வேர் தின்பவை இல்லை. ஒன்றைச் சமமான தரையில் விட்டுப் பாருங்கள். காலை மேலே தூக்கி முதுகால் நகர்ந்து போனால் அது பூவண்டு வகையின் புழு, மக்கிய குப்பையைத்தான் தின்னும், உரக்குழியில் போட்டுவிடலாம். பக்கவாட்டில் சுருண்டே கிடந்தால் தொட்டியில் விட வேண்டாம். காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம், வளர்ந்த அந்த வண்டு தென்னைக்கு எமன். எதுவானாலும் சரி, அரைகுறையாக மக்கிய சாணத்தை வாங்கி அப்படியே பையில் நிரப்பக் கூடாது. சல்லடையில் சலித்த பிறகுதான் கலக்க வேண்டும்.

அவரை, தட்டைப்பயறு, வெண்டைப் பூவில் கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட நீள வண்டு வந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். நசுங்கினால் அதன் சாறு தோலில் கொப்புளம் போடும். கையுறையோடு, காலையில் தட்டிச் சோப்புத் தண்ணீரில் போடலாம்.

தைப் பட்டத்தில் மறுபடி தொடங்கினேன், மனசில்லாமல்தான். பத்துக் கத்தரி, நாலு வெள்ளரி, இரண்டு பாகல். மருந்துச் செலவு வேப்பம் புண்ணாக்குக்கும் மெட்டாரைசியத்துக்கும் சேர்த்து 210 ரூபாய். வலை பழையது. வெள்ளரிக்கு இருபத்தைந்தாம் நாள் வலையை எடுத்தபோது நாலும் முழு இலையோடு இருந்தன. கத்தரிப் பைகளுக்குப் பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு எண்ணி வருகிறேன். முதல் வாரம் பதினொரு முட்டைக் குவியல், அடுத்த வாரம் ஆறு, போன வாரம் இரண்டு. இன்று காலை நாலாவது பையில் ஒன்று, கீழிருந்து மூன்றாவது இலையில். டேப்பில் எடுத்துவிட்டேன். பழுப்பாக விறைத்த புழு ஒன்று பக்கத்துச் செடியில் இருந்தது, அந்த இலையைக் கிள்ளாமல் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். இனி வியாழக்கிழமை பார்க்க வேண்டும்.